கைச்சுவடு பதித்த தேறற்சாடி

வெண்குன்ற நாட்டில் மழை தவறாது பெய்க, மதகுகள் நிறைக, எவர் வீட்டுக் கதவும் துயரம் கேட்டுத் திறவாதிருக்க. ஏழு குன்றுக்கும் ஈராற்றுக்கும் உரியவரும், பகைவருக்கு முதுகும் இரவலருக்குக் கதவடைப்பும் காட்டியறியாதவருமாகிய கோமான் அருந்திறலார் திருமுன்பு, அவர்தம் தூதுவர் மருதந்தையார் நறைமூதூரிலிருந்து அடிபணிந்து விடுக்கும் ஓலை. தூதுவர் கை எழுத்தாணி பிடிக்கும் நிலையில் இல்லை. ஆதலின் அவர் சொல்லக் கேட்டும் தானே கண்டும் உடன்வந்த பூதன் எழுதுகிறான். எழுத்தில் பிழையிருப்பின் அது பூதனுடையது. நடந்ததில் உள்ள பிழை தூதுவருடையது.

இந்நாட்டு அரசரோடு உடன்படிக்கை நிறைவேறி, ஐந்தாண்டுப் பகை தீர்ந்ததென இரு நாட்டு முரசும் அறைந்த செய்தியைக் கோமான் முன்னமே அறிவீர். திரும்பும் வழியில் எல்லை நகராகிய இந்த நறைமூதூரில் சற்றே இளைப்பாற வேண்டுமென்று தூதுவர் விரும்பினார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவரும் மூன்று நாளுக்கென்றே தங்கினார். மூன்றாம் நாளை விட்டு இரண்டோடு புறப்பட்டிருக்கலாகாதா என்று இப்போது பூதன் நினைத்து என்ன பயன்?

இந்நகரில் கொடிமுந்திரிப் பழத்தைப் பிழிந்து தேறல் ஆக்குகிறார்கள். வீட்டு முற்றம்தோறும் பெருஞ்சாடிகள் கழுத்தளவு மண்ணில் புதைந்து கிடக்கும். தெருவுக்கொரு சுவை, தென்சரிவுக் கறுப்புப் பழத்தின் தேறலில் புதுமழை பட்ட மண்ணின் வாசம் வரும், ஆற்றங்கரைத் தேறல் சற்றுத் துவர்க்கும். முதல் துளியை நிலத்துக்குச் சிந்தி, வறுத்த எள்ளை மென்று, பிறகே வாய் வைக்க வேண்டும். தனியே குடிப்பவனை இவர்கள் நோயாளி என்று நினைப்பர். இவையெல்லாம் தூதுவர் தங்கிய விடுதியின் காவலர் கற்பித்தவை. இரண்டாம் நாள் மாலைக்குள் நம் தூதுவர் கிண்ணத்தை முகர்ந்தே தெருவின் பெயர் சொல்லத் தொடங்கிவிட்டார். இரண்டு முறை சரியாகவும் சொன்னார். அதுதான் வினையாயிற்று.

மூன்றாம் நாள் முற்பகலில், காவலரை அழைக்காமல், பூதனை மட்டும் கூட்டிக்கொண்டு தென்சரிவுத் தெருவுக்குப் போனார். மாதி என்பவள் வீட்டில் வரவேற்றுப் பாய் விரித்தார்கள். நம் நாட்டு வழக்கம் கோமான் அறிந்ததே: வந்த வீட்டில் எதையேனும் வாய்விட்டுக் கேளாத விருந்தினன் அவ்வீட்டை இகழ்ந்தவனாவான், அதுவும் உள்ளதில் சிறந்ததைக் கேட்பதே மரியாதை. தூதுவர் முற்றத்தைப் பார்த்தார். ஓரமாய் ஒரு சாடி தனித்திருந்தது. அதன் வாயை மூடிய களிமண்ணில் ஓர் ஆணின் விரிந்த கை பதிந்து உலர்ந்திருந்தது. சுற்றிலும் நிலம் பெருக்கி மெழுகப்பட்டிருந்தது. இத்தனை பேணப்படுவது சிறந்ததாகவே இருக்கும் என்று கருதி, முகம் மலர்ந்து, அந்தச் சாடியிலிருந்து ஒரு கிண்ணம் வேண்டும் என்று கேட்டார்.

 மாதி நெடுநேரம் தூதுவரின் தலைப்பாகையில் இருந்த நம் குன்றச் சின்னத்தையே நோக்கி நின்றாள். பிறகு கைகால் கழுவி வந்து, அந்தக் கைச்சுவட்டின் மீது தன் கையை ஒருமுறை பொருத்தி எடுத்து, கல்லால் களிமண்ணை உடைத்தாள். சத்தம் கேட்டு அண்டை வீட்டார் தத்தம் கிண்ணங்களோடு வந்து சுவரோரம் நின்றார்கள். தூதுவர் அதையும் தமக்குச் செய்யும் சிறப்பென்றே எண்ணினார். நிலத்துக்குச் சிந்தி, எள் மென்று, குடித்து, இத்தனை இனிமையைத் தாம் வாழ்நாளில் அறிந்ததில்லை என்று புகழ்ந்து, இதை ஆக்கிய கை எவருடையது என்றும் வினவினார். தன் கணவன் கொற்றனுடையது என்றாள். பின்பு, அவர் நெடுநாள் துன்பப்பட்டாரா, விரைவில் முடிந்ததா என்று கேட்டாள். தேறலைப் பக்குவம் செய்த பாட்டைப் பற்றிக் கேட்கிறாள் போலும் என்று கருதிய தூதுவர், விரைவில்தான் முடிந்திருக்கும் என்று சிரித்தபடி சொன்னார். கோமானே, இந்தச் சொல்லை எழுத ஓலையும் இடம் தர மறுக்கிறது.

விடுதிக்குத் திரும்பி நடந்ததைப் பெருமையாய்ச் சொன்னபோது, காவலர் தலையில் கைவைத்து அமர்ந்துவிட்டார். இந்நகரத்தார் சாவை வாயால் சொல்வதில்லை. போருக்கோ தொலைவுக்கோ போகிறவன் ஒரு சாடியைத் தன் கையால் மூடிச் செல்வான். மீண்டு வந்தால் அவனே திறப்பான். மீளாவிட்டால், செய்தி கொண்டுவருபவன் ஒன்றும் கூறாமல் அந்தச் சாடியிலிருந்து ஒரு கிண்ணம் கேட்பான். கொற்றனோ ஐந்தாண்டுக்கு முன் ஆற்றுத்துறைப் போரில் நம் படையிடம் சிறைப்பட்ட நாற்பதின்மரில் ஒருவன். வெண்குன்றத்துத் தூதுவரே வீடு தேடி வந்து அந்தச் சாடியைக் கேட்டால், அவள் வேறென்ன நினைப்பாள்?

தூதுவர் வெயிலில் செருப்புமின்றி ஓடினார். மாதி அதற்குள் வளையல்களைக் கழற்றியிருந்தாள். தாம் வழக்கம் அறியாமல் கேட்டதாகவும், கொற்றன் இருக்கிறானா இல்லையா என்பதே தமக்குத் தெரியாதென்றும் அழுது கூறினார். அவள் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. தெரியாது என்பதோடுதான் ஐந்தாண்டு குடித்தனம் நடத்தியதாகவும், இன்றுதான் முதன்முறையாக அழ முடிந்ததாகவும், மறுபடியும் அதே தெரியாததைக் கொண்டுவந்து தன் வாசலில் வைக்க வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டாள். தெரிந்துகொண்டு வருக என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கோமானுக்கு மறைக்கலாகாது. உடன்படிக்கையில் எல்லைக் கற்களுக்கு இடமிருந்தது. மேய்ச்சல் நிலத்துக்கும் யானை வழிக்கும் இடமிருந்தது. அந்த நாற்பதின்மருக்கு ஒரு வரி இல்லை. அதை வரைந்தவர் நம் தூதுவர், படியெடுத்தவன் பூதன். இருவருக்குமே அவர்கள் நினைவு வரவில்லை என்பதே உண்மை, இதற்கு மேல் சொல்லச் சமாதானமில்லை.

இன்று காலை முதல் விடுதி வாசலில் மற்றச் சிறையாளர் வீட்டுப் பெண்கள் வந்து நிற்கிறார்கள். சிலர், தங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டாம் என்று கைகூப்புகிறார்கள். சிலர், எப்போது வருவீர் என்று கேட்கிறார்கள். தூதுவர் இரு திறத்தாரின் முகத்தையும் பார்க்க இயலாமல் சுவர்ப்பக்கம் திரும்பி அமர்ந்திருக்கிறார். விடை வரும்வரை இந்நகரை விட்டு நீங்குவதில்லை என்று அவர் ஆணையிட்டுக் கூறியதும் இங்கே பதிவாகிறது.

ஆகவே திருமுன்பு வேண்டிக்கொள்வது: நம் நாட்டுக் கல்வெட்டுங்குழியில் அடைபட்டுள்ள சிறையாளர் அனைவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பார்க்க ஆணையிடுக. இருப்போரை இந்த ஓலை கொண்டுவரும் குதிரைகளிலேயே ஏற்றி அனுப்புக. இறந்தோர் பெயர்களை மட்டும் எழுதியனுப்புக. அவ்வீடுகளுக்குத் தூதுவர் தாமே நடந்து சென்று, கேட்க வேண்டியதைக் கேட்பார். வெண்குன்றம் நெடிது நிற்க, கோமான் கோல் கோணாதிருக்க. தூதுவரின் குன்ற இலச்சினை பொறித்தது, பூதன் எழுத்து.

இலச்சினைக்குப் பின் தூதுவர் தம் கையாலேயே கீறியது: கொற்றன் உயிரோடிருந்தால் அவனை எல்லோருக்கும் முன்னே அனுப்புக. இல்லையெனில் அவன் பெயரை எழுத வேண்டா. அந்த வீட்டில் சொல்லியாயிற்று.