தந்தக் கப்பலுக்கு வைத்த பொட்டு

தலைச்சோலை,
கார்த்திகை மாதம்.

கண்ணு தீபிகாவுக்கு அம்மா எழுதுவது. சேர்வராயன் சாமி புண்ணியத்தில் இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் குளிர் தேசத்தில் உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றித்தான் எழுதுகிறேன், போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பங்களா வேலையை விட்டுவிட்டு இப்போது உன் மாமா வீட்டில் இருக்கிறோம். மழை விட்டுக் காப்பிப் பழம் சிவந்துவிட்டது, அப்பா பக்கத்து எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போகிறார், சாவிக்கொத்தோடு நடந்தவர் இடுப்பில் கூடை கட்டிக்கொண்டு. முதலாளி ஹரிஹரன் ஐயா துரத்திவிட்டார் என்று நினைத்திருப்பாய், அவர் துரத்தவில்லை. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் யானைத் தந்தத்தில் ஒரு கப்பல் இருக்குமே, ஐயாவின் தாத்தா காலத்தது, பாய்மரமும் கயிறும் ஏணியும் நூல் கனத்தில் செதுக்கியது, சின்னதில் நீ மூச்சுப் பட்டால் உடைந்துவிடும் என்று தள்ளி நின்றே பார்ப்பாய். இந்த ஆயுத பூசைக்கு அப்பா எப்போதும்போல ஜீப், பழம் உரிக்கும் மெஷின், கவாத்துக் கத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். துடைப்பதற்காகப் பெட்டி திறந்திருந்தது. ஜீப்புக்கு வைத்துவிட்டுக் கப்பலை விட மனசு வராமல் அதன் முகப்பிலும் சந்தனத்தின் மேல் ஈரக் குங்குமத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டார். மறுநாள் துடைத்தால் சந்தனம் போனது, சிவப்புப் போகவில்லை, தந்தம் உறிஞ்சிக்கொண்டது.

வந்திருந்த விருந்தாளிகள் முன்னாலேயே ஐயா சத்தம் போட்டார். மலைக்காரனுக்குத் தந்தமும் ஒண்ணு, முருங்கைக் கட்டையும் ஒண்ணு என்றார். அப்பா, ஏனுங்க, கப்பலும் வண்டிதானுங்களே, அதுக்கு மட்டும் வெக்காம உடலாமுங்களா என்று கேட்டார், விருந்தாளிகளே சிரித்துவிட்டார்கள். கறைக்கு அப்பா நொந்துகொண்டாரே தவிர, பொட்டு வைத்ததற்கு வருத்தப்படவில்லை. ஐயாவும் நாலு நாள் முறைத்துவிட்டு விட்டிருப்பார்.

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு நீ, நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள், காலேஜில் சேர உதவியவர் என்று ஐயாவுக்கு அவ்வளவு நீளமாக மெசேஜ் அனுப்பினாய். அப்பா படிக்காதவர், அறியாமையில் செய்துவிட்டார், அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று. அப்பாவை ஒரு வார்த்தை கேட்டாயா? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற ஆட்கள் முன்னால் ஐயா அதைப் படித்துக் காட்டி, புள்ளைக்கு இருக்கற புத்தி அப்பனுக்கு இல்லியே தனபாலு என்றார். திட்டும்போது அசையாமல் நின்ற மனுஷன் அப்போதுதான் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். அந்தாளு பேசுனது வலிக்கல ராசாத்தி, எனக்கு அறிவில்லைன்னு எம்புள்ளையே எழுதிக் குடுத்துட்டாளே என்று வந்து சொன்னார், அதோடு சரி. உன் போன் வந்தால் என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். அப்பா தூங்குகிறார், சிக்னல் இல்லை என்று நான் சொன்னதெல்லாம் பொய்.

மறுபடி ஐயாவுக்கு எதுவும் எழுதாதே. மாமாவைத் தூது விடாதே. வேலையை வாங்கித் தருகிறேன் என்றும் கிளம்பாதே, அவருக்கு வேலை இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, லீவு கேட்டு வை.

நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு சாமி. இது என் ஆசீர்வாதம் மட்டும்தான், வழக்கம்போல அப்பாவுடையதையும் சேர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை. அதை நீயே வந்து அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராசாத்தி