இத்தாலிய ஓட்டலிலிருந்து திரும்பி வந்த டப்பா

தேவமாதா துணை

திண்டிவனம்
28-11-1938

அன்பு மகள் பிலோமினாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், மழை பிடித்ததிலிருந்து அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் உண்டு. நீ நலம் என்பதை இந்த முறை உன் கையெழுத்தில் படிக்கவில்லை, உன் வீட்டுக்காரர் சவுரிராயனின் வீட்டம்மாள் வாயால் கேட்டுக்கொண்டேன். பம்பாயில் நீ குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா பட்டணம் வருகிறார், அவசியம் போய்ப் பார் என்று மட்டும் நீ எழுதியிருந்ததால் சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ரயிலேறினேன். உனக்குக் கொடுத்தனுப்பப் பொருள்விளங்கா உருண்டை பிடித்து, பழைய பிஸ்கட் டப்பாவில் அடுக்கி எடுத்துப் போனேன்.

அந்தம்மாள் என்னை மவுண்ட் ரோட்டில் ஓர் இத்தாலிய ஓட்டலுக்கு இராச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனாள். காலேஜில் படித்த நாளில் அந்தக் கண்ணாடிக் கதவைத் தெருவோடு போகும்போது பார்த்ததோடு சரி, உள்ளே என்னதான் இருக்கும் என்று இத்தனை வருஷமும் ஓர் ஆசை. உப்பில்லாத தக்காளி சூப் இருந்தது. பிறகு நீளநீளமாக வேகவைத்த மாவுச்சரம், அதன்மேல் புளித்த வாடையடிக்கும் பால்கட்டித் துருவல். "கூச்சப்படாம சாப்பிடுங்க, எம்பொண்ணு பிலோமினா இதுல ரெண்டு தட்டு சாப்பிடுவா" என்றாள். எம்பொண்ணாம். "காரமெல்லாம் இப்ப அவளுக்கு ஆவறதில்லீங்க, நான்தான் மாத்தினேன்" என்றும் சொன்னாள். கேப்பங்கூழுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு திரிந்தவளா நீ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்தபடியாக, "பண்டிகைக்கு எங்களோட கோவாவுக்கு வரா, ஒங்களுக்கு எழுதலயா?" என்றாள். கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்துவிட்டு, எழுதினாளே என்று பொய் சொன்னேன். உடனே பரிமாறுகிறவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோழி வந்தபோதும் அப்படியே ஆயிற்று. ஒருவர் பேசினால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேள் என்று வகுப்பில் இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுப்பவள் நான், வேறெப்படிக் கேட்பேன்? அவள் சிரித்துவிட்டாள். "ரெண்டையும் சேத்து வச்சா, சாப்பாடு போதும்னு அர்த்தங்க. பிலோமினாவும் மொத நாளு இப்டித்தான் பட்டினி கெடந்தா, நான்தான் வேற தட்டு கொண்டாரச் சொன்னேன். ஒங்களுக்கும் சொல்லட்டா?" என்றாள். வயிறு நிறைந்துவிட்டது என்றேன். நீ பசியோடு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள், எனக்கு நீ ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பால்கட்டியைவிட இதுதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

புறப்படும்போது அவளே, பொண்ணுக்கு ஏதாவது குடுத்தனுப்பறீங்களா என்று கேட்டாள். டப்பா என் மடியில்தான் இருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அதைத் திறந்து, அவள் கையால் எடுத்துக் கொடுத்து நீ தின்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. நல்ல மனுஷிதான், உன்னைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறாள். கெட்டவளாக இருந்திருந்தால் நான் இவ்வளவு வேதனைப்பட்டிருக்க மாட்டேன். நாலு எழுத்துப் படித்தவள் இந்த வயதில் இப்படிப் பொறாமைப்படலாமா என்று மறுநாள் எழும்பூரில் பூசையில் முழந்தாளிட்டுக் கேட்டுப் பார்த்தேன், பூசை முடிந்தும் அது போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்பங்கரைக்குப் போனேன். "இன்னாம்மே, வெள்ளக்கார ஓட்டல்ல துன்னுட்டு வந்து பழைய சோத்தத் தேடிக்கினு கீற?" என்று அப்பா கேலி செய்தார். இரண்டு மிளகாயோடு சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இராக் காவல் முடிந்து வந்து தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு. அந்தம்மாளிடம் மரியாதையாக இரு, இதையெல்லாம் அவளிடம் சொல்லாதே. கோவாவுக்குப் போகாதே என்று நான் எழுதமாட்டேன். டப்பாவை அலமாரியில் வைத்திருக்கிறேன், தபாலில் அனுப்பப் போவதில்லை, உருண்டை பண்டிகை வரைக்கும் கெடாது. டிசம்பர் இருபத்துநாலாம் தேதி பட்டணத்து வண்டிக்கு, நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும், அப்பா ஸ்டேஷனுக்கு வந்து நிற்பாராம். முழங்கால் வலியோடு வேண்டாம் என்றால் கேட்கவில்லை, நானும் கூடப் போவேன்.

சேசுவும் மாதாவும் உன்னைக் காப்பார்களாக.

உன்னைப் பெற்றவள்,
லூர்துமேரி