மூணு மணி வரைக்கும் அடிக்காதே

அக்கா பேச்சை ஒருநாளும் கேட்காத என் தங்கமே, சூசை,

உன் வீடியோ கேம் ஆட்டம் திரும்ப வந்திருக்கிறதடா. அதே மந்திரக்காரி, அதே குள்ளன், அதே கோட்டை. எல்லாவற்றையும் புதுசாக வரைந்து, புதுப் பாட்டு போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். நாம் ஒரு அடி, எதிரி ஒரு அடி என்று முறை வைத்துச் சண்டை போடுவதை மட்டும் மாற்றவில்லை. "இன்னாடா இது, ரேஷன் கடை வரிசை மாதிரி நின்னுனு அடிச்சிக்கிறானுங்க" என்று உன்னை எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்! இப்போது வேலை முடிந்து வந்ததும் உன் நாற்காலியில் உட்கார்ந்து நானே ஆடுகிறேன். ஆசையில் என்று நினைத்துவிடாதே. ஆத்திரத்தில்.

அடுத்த தெரு டொமினிக்கால் வந்த ஆத்திரம். நீ டயாலிசிஸுக்குப் படுத்திருந்தபோது, "ஒன் கேம் நோட்ட ஒருதபா குடு மச்சான், பாத்துட்டுத் தரேன்" என்று வாங்கிக்கொண்டு போனானே, அவனேதான். உன் பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் அவன் ஒருத்தன். கல்லறையில் தேம்பித் தேம்பி அழுதான். நானும் அவன் முதுகைத் தடவி, "அழாதப்பா" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு யூடியூபில் சானல் ஆரம்பித்தான். முதல் வீடியோவே உன் ஆட்டத்தில் கோட்டையைக் காக்கும் கல் ராஜா பற்றி. அவனை ஒரு அடிகூட அடிக்காமல் மண்டியிட வைத்து, நம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் வழி. "உலகத்துல யாருக்கும் தெரியாது, நான் கண்டுபுடிச்சது" என்றான். வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண் அதை எனக்கே காட்டி, "ஒங்க ஊர்க்காரராமே, செம மூளைக்கா" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்?

அது யார் கண்டுபிடித்தது? அந்தப் பெரிய வெள்ளி எனக்கு மறக்குமா? ஆணி அடிக்கக் கூடாது, கோழி அறுக்கக் கூடாது, பெத்த பிள்ளையைக்கூட அடிக்கக் கூடாது என்று அம்மா வைத்திருக்கும் சட்டம் நமக்குப் பழகியதுதான். அன்றைக்கு நீ பன்னிரண்டு மணிக்குக் கல் ராஜா முன்னால் போய் நின்றதும், கஞ்சிப் பானையோடு வந்தவள் டிவியைப் பார்த்துவிட்டாள். "டேய், டிவிலயும் எவனையும் அடிக்கக் கூடாது. ஆண்டவர் உசுரு போன நேரம், மூணு மணி தாண்டட்டும். கைய ஓங்குன, ஒயர புடுங்கிடுவேன்" என்றாள். "அடிக்கல மா, தடுக்கத்தான் செய்றேன்" என்று நீ அழாத குறையாகத் தடு, தடு என்று அமுக்கிக்கொண்டே இருந்தாய். மூன்று மணி நெருங்கும்போது அந்தக் கல் தடியன் வாளை நீட்டி மண்டியிட்டான். நீ போட்ட கூச்சலுக்கு அம்மா கையிலிருந்த செபமாலை கீழே விழுந்தது. அன்றைக்குத்தான் நோட்டில் எழுதினாய்: "12 மணிக்கு ஆரம்பி. 3 மணி வரைக்கும் அடிக்காதே."

புது ஆட்டம் வந்ததும் நம் கோயில் பங்கு இளைஞர்கள் டொமினிக்கைக் கூப்பிட்டு, கல் ராஜாவை எல்லோர் முன்னாலும் மண்டியிட வைத்துக் காட்டச் சொல்லி, ஞாயிறு பூசைக்குப் பிறகு மன்றத்தில் திரை கட்டினார்கள். அதற்குள் நான் வீட்டில் ஆடி ஆடிப் பார்த்துவிட்டேன். அந்த ராஜாவுக்கு மணிக்கணக்கும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. இருநூறு முறை தடுத்தால் மண்டியிடுவான், அவ்வளவுதான். உன் பழைய மெஷின் ஆமை நடை நடந்ததால் மூன்று மணி ஆனது. புதுசில் வேகப் பட்டன் இருக்கிறது, அமுக்கினால் இருபது நிமிஷம். இதையெல்லாம் அவனிடம் போய்ச் சொல்வேனா? வாயை இறுக்கிக்கொண்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சரியாகப் பன்னிரண்டுக்கு ஆரம்பித்தான். "யாரும் வேகப் பட்டன் கேக்காதீங்க. மூணு மணி ஆவணும்" என்றான். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நான் எழுந்தேன்.

"ஏன் டொமினிக், மூணு மணி எதுக்குப்பா?"

"அது கேமுக்குள்ள இருக்கிற கடிகாரம்க்கா. கம்பெனிக்காரன் ரகசியமா வெச்சிருக்கான். நான் ராவும் பகலும் ஒக்காந்து கண்டுபுடிச்சேன்."

"அப்படியா? வேகப் பட்டன அமுக்கு, பாப்போம்."

அவன் மழுப்பினான். பசங்கள் விடவில்லை, "அமுக்கு, அமுக்கு" என்று ஒரே கத்தல். அமுக்கினான். ஒரு மணி அடிப்பதற்குள் கல் ராஜா மண்டியிட்டான். மன்றமே சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தது. அப்போது அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "டேய், அந்த மூணு மணி நான் சொன்னதுடா! பெரிய வெள்ளி, எவனையும் அடிக்காதன்னு எம் புள்ளைக்கு நான் சொன்னது!"

நம் ஜனத்துக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா? பன்னிரண்டிலிருந்து மூன்று என்றால் ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நேரம் என்று பொடிசுக்கும் தெரியும். "அடப்பாவி, செத்தவன் சொத்தையாடா திருடுன?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவன் ஒயரைக்கூடச் சுருட்டாமல் ஓடினான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, சூசை? அன்றைக்கு ரெண்டு தட்டு பிரியாணி தின்றேன்.

மறுவாரம் நோட்டோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். "தப்புதான்க்கா. வீடியோவ எடுத்துட்டேன். மன்னிச்சிடுக்கா." அம்மா, "வுட்டுடுடி, பாவம்" என்றாள். எனக்கும் ஒரு நிமிஷம் மனசு இளகத்தான் செய்தது. நோட்டைத் திறந்தேன். முதல் பக்கம் இல்லை. 'இது சூசையின் நோட்டு, தொட்டால் உதை' என்று நீ கொட்டை எழுத்தில் எழுதிய பக்கம். கேட்டால், கிழித்துக் கொளுத்திவிட்டானாம். திருடியதைக்கூட விடு. உன் பெயரையே கொளுத்தியிருக்கிறானடா.

நீ இருந்திருந்தால் சிரித்துவிட்டு, "போவுது வுடுக்கா" என்றிருப்பாய். அந்த ராஜா மண்டியிட்டதும் கை கொடுத்துத் தூக்கியவன்தானே நீ. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு வரும்போது அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன். உன் கல்லுக்கு முன்னால் மண்டியிட வைத்து, கிழித்த இடத்தில் ஒரு தாளை ஒட்டி, பேனாவை அவன் கையில் கொடுப்பேன். உன் பெயரை அவன் கையாலேயே எழுதி, எல்லோரும் கேட்கச் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் அவனை நீ மன்னிப்பாய், எனக்குத் தெரியும். தாராளமாக மன்னித்துக்கொள். என்னை மட்டும் கேட்காதே.

உனக்காக இன்னும் கையை ஓங்கிக்கொண்டே நிற்கும்
உன் ஒரே அக்கா,
பிலோமினா