அத்தானின் லேப்டாப்பும் ஏழு பேர் பிழைப்பும்

என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னையும் சேர்த்துச் சுமந்த சண்முகம் அத்தானுக்கு,

அஜ்மான் ரூமில் எல்லோரும் நலம். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. உங்கள் கட்டிலில் இன்னும் யாரும் படுக்கவில்லை. துவைத்த துணியைக் குவித்து வைத்திருக்கிறோம். பார்த்தால் திட்டுவீர்கள், தெரியும்.

இப்போது எழுதுவது உங்கள் லேப்டாப் விஷயமாக. முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். உங்களை ஊருக்கு அனுப்பிய வாரம் அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அதில்தானே தினமும் அக்காவோடு முகம் பார்த்துப் பேசுவீர்கள்? பையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஏ.சி. தண்ணீர் சொட்டும் மூலை அது என்று தெரிந்தவன்தான். அன்றைக்கு அது தோன்றவில்லை. வெளியே எடுத்தபோது பை ஊறிக் கிடந்தது. லேப்டாப்பில் ஒரு விளக்கும் எரியவில்லை.

பழைய சாமான், போகட்டும், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊருக்காவது கொண்டுவரட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "அவரையே பெட்டியில வச்சுத்தான் அனுப்புனீங்க. இன்னொரு பெட்டி எனக்கு எதுக்குடா?" என்றாள்.

ஆனால் செந்திலுக்காக அப்படி விட முடியவில்லை. நம் ரூம் வெல்டர் செந்திலுக்கு இங்கே கான்ட்ராக்ட் போன மாதத்தோடு முடிவதாக இருந்தது. சவூதியில் யான்பு ரிஃபைனரி வேலைக்கு நீங்கள்தான் விண்ணப்பம் அனுப்பிவைத்தீர்கள், உங்கள் மெயில் ஐடியிலிருந்து. அவனுக்கு மட்டுமா? ரூமில் ஏழு பேருக்கும் அந்த ஒரே ஐடிதான். ஆளுக்கொன்று வைத்தால் பாஸ்வேர்டை மறந்துவிட்டு நிற்போம் என்பீர்கள். இப்போது பாஸ்வேர்டு தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், நீங்களும் இல்லை. இது என்ன நியாயம் அத்தான்?

வேறு வழியில் திறக்கப் பார்த்தால், ரகசிய எண் உங்கள் போனுக்குத்தான் போகிறது. கடைசிவரை பட்டன் போனைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். விசா கேன்சலான கையோடு அந்த சிம்மும் போய்விட்டது. யான்பு கம்பெனிக்கு செந்தில் போன் போட்டான். மெயில் அனுப்பியாகிவிட்டது, அதில் பதில் போட்டால் போதும் என்று வைத்துவிட்டார்கள். ஆக, அந்த மெயில் திறந்தே இருக்கிற ஒரே இடம், நான் நனையவிட்ட லேப்டாப். புதிது வாங்கினால் எனக்கு லேப்டாப் கிடைக்கும், அவனுக்கு வேலை கிடைக்காது.

லீவு நாளில் பர் துபாய்க்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு கடையில் புதிதாக வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது, கீழக்கரை பாய் ஒருவருடைய சின்னக் கடை. அவர் கழற்றிப் பார்த்துவிட்டு போர்டு போய்விட்டது என்றார். அதே மாடலில் திரை உடைந்த லேப்டாப் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் போர்டை இதற்கு மாற்றி, உங்கள் ஹார்ட் டிஸ்கை அப்படியே வைத்துப் பார்க்கலாம் என்றார்.

"வந்தா நம்ம நசீபு தம்பி. ஆனா சொல்லிப்புட்டேன், அடுத்த தடவை இதைத் தூக்கிட்டு வராதீங்க, கலாஸ், இதோட முடிஞ்சுது," என்றார்.

வந்தது. மெயிலும் திறந்தே இருந்தது. செந்தில் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். யான்பு மெயில் இருந்தது, ஆனால் ஆஃபர் இல்லை. ரெஃபரன்ஸாகக் கொடுத்த ஆளுக்குப் போன் போகவில்லை, வேறு ஆளின் பெயரைக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவன் பயோடேட்டாவைத் திறந்தேன். கடைசி வரியில், இவருக்கு உத்தரவாதம் சொல்பவர் என்று சண்முகம், ஸ்டோர் கீப்பர், உங்கள் பழைய நம்பர். மற்றவர்களுடையதையும் திறந்தேன். எல்லாவற்றிலும் நீங்கள்தான்.

உங்களை அனுப்பிய அன்றுகூட எனக்குச் சரியாக அழுகை வரவில்லை அத்தான், ஓடியாட வேலை இருந்தது. அந்த வரிக்கு வந்தது.

செந்திலுடையதில் உங்கள் பெயரை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து சைட்டில் இருக்கும்போது போன் வந்தது. எத்தனை வருஷமாகத் தெரியும், ஆள் எப்படி என்று ஒருவர் இந்தியில் கேட்டார். நீங்கள் போனில் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகியதையே சொன்னேன்.

"அப்னா ஆத்மி ஹை, சாப்."

நம்ம ஆள். அவ்வளவுதான் சொன்னேன். போன வாரம் செந்தில் யான்புக்குக் கிளம்பிவிட்டான்.

இப்போது எல்லோருக்கும் சொந்த ஐடி போட்டுக் கொடுத்துவிட்டேன். பாஸ்வேர்டை மறந்தால் அவரவர் பாடு. ஃபைல்களைப் பிரதி எடுத்தாயிற்று. சம்பளம் வந்ததும் புது லேப்டாப் வாங்கப் போகிறேன். பழையது இனி நின்றாலும் யார் பிழைப்பும் நிற்காது. மற்ற ஐந்து பேருடையதிலும் கடைசி வரியை மாற்றிவிட்டேன்.

என்னுடையதை மட்டும் மாற்றவில்லை. எனக்கு யார் பெயரைப் போடுவது? தன் பெயரைப் போடச் சொல்லி செந்தில் யான்புவிலிருந்து கூப்பிட்டுச் சொல்கிறான். போட வேண்டியதுதான். கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அந்த ஆறு பேரைப் பற்றிக் கேட்டு எங்கிருந்து போன் வந்தாலும், டூட்டியில் இருந்தாலும் சோற்றில் கை வைத்திருந்தாலும், நான் எடுத்துவிடுவேன். உங்களைப் போலவே, இரண்டாவது மணி அடிப்பதற்குள்.

உங்கள் நம்பர் இருந்த இடத்தில் இப்போது தன் நம்பரைப் போட்டிருக்கும்
உங்கள் மைத்துனன்
குமரேசன்