ஆறு மணி நேரத்துக்குள்

மார்ச் 4

மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் என் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். "கூப்பிட்டா ஆறு மணி நேரத்துக்குள்ள இங்க இருக்கணும். எவ்வளவு நேரத்துல வருவீங்க?" என்று மருத்துவமனைப் பெண் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "பிளைட்டுல ஒரு மணி பத்து நிமிஷம்."

பிளைட் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர். எங்கள் ஊருக்கும் மருத்துவமனை இருக்கும் அந்த ஊருக்கும் நடுவே பதினெட்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறார். ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அங்கே மட்டும் மறந்துவிட்டது.

மார்ச் 5

கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடாமல் இருந்திருக்கலாம்.

விமான நிலையத்துக்கு ஐம்பது நிமிடம். அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பறக்க ஒரு மணி பத்து. இறங்கி மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம். மொத்தம் நாலரை. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டே பிளைட் - காலை ஏழரை, மாலை ஐந்தரை. மாலைப் பிளைட்டைப் பிடிக்க, அவர்கள் மத்தியானம் ஒன்று நாற்பதிலிருந்து மூன்று பத்துக்குள் கூப்பிட வேண்டும். காலைப் பிளைட்டுக்கும் அதேபோல் ஒன்றரை மணி நேரம்தான். ஆக, ஒரு நாளில் மூன்று மணி நேரம்தான் எனக்கு உயிர்.

இவரிடம் காட்டினேன். "மத்த நேரத்துல கூப்பிட்டா கார் இருக்குல்ல? ஆறு மணி நேரத்துல கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்றார். நடுவில் மலைப்பாதை வேறு.

ஏப்ரல் 11

போன். வீடு வாடகைக்கு விடுகிறீர்களா என்று யாரோ. வைத்த பிறகும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 19

மாலை ஆறு நாற்பதுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிளைட் போய்விட்டது. இவர் ஒன்பது மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தார். சொன்னால் கண் எரிய எரிய காரை எடுப்பார். அந்த மலைப்பாதையில், ஒன்பது மணி நேரத் தூரத்தை ஆறில் முடிக்கிற வேகத்தில் -

"என்னால வர முடியாதும்மா. அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

நான் என்ன பண்ணிட்டேன்? எனக்குச் சாகப் பயமா இருக்கு. அவருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு அதைவிடப் பயமா இருக்கு. குளியலறையிலிருந்து துண்டு கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

மே 22

மருத்துவமனைப் பெண் மறுபடி கூப்பிட்டாள். இவர் எடுத்தார். நான் மறுத்ததைச் சொல்லிவிட்டாள். போச்சு.

சாயங்காலம், "நான் ஓட்டுறது மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்.

"ஓட்டுறது மேல இருக்கு. நீங்க பயந்து ஓட்டுறது மேலதான் இல்ல."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அழுது இன்றுதான் பார்த்தேன்.

ஜூன் 2

அந்த ஊர் டிப்போவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஓட்டுநராக இல்லை, பஸ் வந்து போகும் நேரத்தைக் குறிக்கும் வேலை. "ஒன்பது மணி நேரத்தை ஒண்ணுன்னு சொன்ன ஆளுக்கா இந்த வேலை?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

ஜூலை 8

புது வீடு. ஒற்றை அறை. மருத்துவமனைக்கு நடந்து பதினொரு நிமிடம். மாடிப்படியையும் சேர்த்து மூன்று தடவை நடந்து பார்த்துவிட்டார். எனக்கு இப்போது வேறு பயம். வந்ததைத் தள்ளிவிட்டேனே, இனி வராமலே போய்விட்டால்?

செப்டம்பர் 27

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. தையல் வலிக்கிறது. புதுச் சிறுநீரகம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம்.

போன வாரம் ஒரு மத்தியானம் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டபோது இவர் வீட்டில்தான் இருந்தார். ஓடாதீங்க, ஓடாதீங்க என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தேன். இவருடைய டிப்போ நோட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பஸ் நேரங்களுக்கு நடுவே அன்றைய தேதியில் ஒரு வரி: புறப்பாடு 2.21. வருகை 2.30. தாமதம் இல்லை.