உப்புக் கரிக்கும் பால்

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரித்த கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு மேலே படி. உன் மனைவி கையில் இதைக் கொடுக்காதே. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடம் கடிதத்தைக்கூடக் காட்டக் கூடாது என்கிறாளே நாத்தனார் என்று அவள் வருத்தப்பட்டால் படட்டும், பிறகு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த வாரம் அவளை இங்கே ஓய்வுக்கு அழைத்து வருவதாக இருந்தாயே, வேண்டாம். ஏன் என்று கேட்டுப் போன் செய்யாதே. போன் உன் அத்தான் தலைமாட்டில்தான் கிடக்கிறது. நான் பேசினால் ஒன்று விடாமல் அவர் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன். தீவன லாரி டிரைவர் நாளைக் காலை உங்கள் ஊரில் இருப்பார். அவரை உள்ளே விடாமல் கேட்டிலேயே நிற்க வைத்து இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் நீ பறவைக் காய்ச்சல் பற்றிப் பேசியபோது நான் சிரித்தேன். எங்கள் சுகாதாரத் துறை அலுவலகத்தில் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போடுகிறார்கள், அது பரவினால் நாடு எப்படித் தயாராக இருப்பது என்று திட்டம் எழுதுகிறோம், மாட்டுக்கும் தொற்றுகிறதாம் என்று சொன்னாய். பேரிலேயே பறவை இருக்கிறதே, மாட்டுக்கு என்ன இறக்கையா முளைத்திருக்கிறது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் இப்போது நம் கொட்டிலிலேயே நிற்கிறது.

முதலில் குட்டையில் காட்டு வாத்துகள் செத்து மிதந்தன. எவனோ மருந்து வைத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே உன் அத்தான் அவற்றைக் கம்பால் ஒதுக்கிவிட்டு, எப்போதும் போல அந்தத் தண்ணீரையே மாட்டுத் தொட்டிக்கு இறைத்தார். பிறகு மாடுகள் ஒவ்வொன்றாகத் தீனியை விட்டு விலகி நின்றன. பால் சட்டென்று இறங்கிவிட்டது. வந்த கொஞ்சமும் சீம்பால் மாதிரி மஞ்சளாக, கெட்டியாக வந்தது. மாட்டு டாக்டர் வந்து பார்த்து, மடிநோய் என்று ஊசி போட்டுவிட்டுப் போனார்.

உன் அத்தான் வழக்கம் உனக்குத் தெரியும். எந்த மாட்டுக்கு மடி கெட்டிருக்கிறது என்று பார்க்க, உள்ளங்கையில் பீய்ச்சி நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார். உப்புக் கரித்தால் அந்த மாட்டுப் பால் கேனுக்குப் போகாது. இதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. காபியில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நாக்குக்குப் பால் மட்டும் எப்படித்தான் பிடிபடுகிறதோ என்று நான் கிண்டல் செய்வேன். இந்த முறையும் வேளை தவறாமல் அத்தனை மாட்டுப் பாலையும் பச்சையாக நாக்கில் வைத்தார். கெட்ட பால் வெளியே போகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான், தம்பி.

கேனுக்குப் போகாத பாலைப் பூனைகளுக்கு ஊற்றிவிடுவோம். கறவை நேரத்தில் தூணோரம் உட்கார்ந்து வேலை வாங்குவது போலப் பார்க்குமே, மேனேஜர் என்று நீ பேர் வைத்தாயே, அந்தக் கிழட்டுக் கடுவன் பூனைதான் முதலில் தள்ளாடியது. கண் தெரியாமல் சுவரில் முட்டியது. சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது. பிறகு மற்றவையும் அப்படியே போயின. இன்று கொட்டிலில் பூனை என்று ஒன்று இல்லை. அந்தக் காலித் தட்டைக் கழுவ எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதே பாலைத்தானே இவரும் நாக்கில் வைத்தார்.

இப்போது அவருக்குக் கண் இரண்டும் மிளகாய்த்தூள் பட்டது போலச் சிவந்து வழிகிறது. காய்ச்சல் அனலாக அடிக்கிறது. நேற்றிலிருந்து இருமலும் சேர்ந்துகொண்டது. கட்டிலிலிருந்து எழுந்து கதவு வரை வந்தாலே மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வைக்கோல் தூசி என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். நான் வாயெடுப்பதற்குள் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிட்டார். மாட்டைப் பார்த்தவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்கவில்லை. இவரைப் பார்த்தவர் என்ன தொழில் என்று கேட்கவில்லை. அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள உங்கள் திட்டத்தில் ஏதாவது வழி எழுதியிருக்கிறீர்களா?

வெளியே வந்ததும் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை.

"விஷயம் தெரிஞ்சா தெருவுல அத்தனை பேர் பாலும் நின்னுடும். இவங்க வீட்டாலதான்னு காலத்துக்கும் சொல்லுவாங்க. நீ மூச்சு விடக் கூடாது" என்றார். தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தத் தலை கொதித்துக்கொண்டிருந்தது.

தெருவைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார், பாவம். ஆனால் கறவைக்காரர் மெஷினை வண்டியில் கட்டிக்கொண்டு, நம் கொட்டிலை முடித்துவிட்டு நேரே அடுத்த கொட்டிலுக்குத்தான் போகிறார். அதே ரப்பர் குழாய்தான் எல்லா மாட்டுக்கும். இன்று அவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார். கொதிநீரைக் கொண்டுபோய் வைத்துக் குழாயைக் கழுவச் சொன்னேன். என்ன இன்றைக்குப் புதிதாகச் சுத்தம் பார்க்கிறீர்கள் என்று சிரித்தார். அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

உங்கள் கூட்டத்தில் மருந்து வாங்கி வைப்பது, எல்லையில் நிறுத்திச் சோதிப்பது எல்லாம் பேசுவீர்கள். நன்றாகப் பேசுங்கள். கூடவே இந்தக் கறவைக்காரர்களையும் நினைத்துக்கொள்ளச் சொல். உண்மையைச் சொன்னவன் பிழைப்பு போகாது, அவன் வீட்டைப் பார்த்து யாரும் முகம் திருப்ப மாட்டார்கள் என்று முதலில் எங்களை நம்ப வைக்கச் சொல். இல்லையென்றால் ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவார்கள். இவர் அப்படித்தான் இருமுகிறார்.

சத்தியத்தை இந்தக் கடிதத்தில் உடைத்துவிட்டேன். உடைத்ததால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. படித்த கையோடு உங்கள் அலுவலக ஆளை அனுப்பு. இந்தக் காய்ச்சலுக்கென்று உள்ள மருந்தோடு அனுப்பு. கறவைக்காரர் வீட்டுக்கும் போகச் சொல். யார் தகவல் கொடுத்தது என்று உன் அத்தான் கேட்டால், உங்கள் பெண்டாட்டிதான் என்றே சொல்லட்டும். காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று ஆயுசுக்கும் அவர் என்னோடு பேசாமல் இருக்கட்டும், பரவாயில்லை. பேசாமல் இருப்பதற்காவது அவர் இருக்க வேண்டும்.

நீ மட்டும் வந்துவிடாதே. அக்கா தனியாக இருக்கிறாளே என்று பாசத்தில் கிளம்பிவிடாதே. உனக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. பிள்ளை சுகமாகப் பிறக்கட்டும். நோய்நொடி இல்லாமல் நீங்கள் மூன்று பேரும் நூறு வயது இருக்க வேண்டும். எழுத்து கோணலும் மாணலுமாகப் போகிறது, பொறுத்துக்கொள். காலையிலிருந்து எனக்கும் கண்ணில் நீர் நிற்கவில்லை. அழுதிருக்கிறாள் என்றே வைத்துக்கொள். ஆளை மட்டும் சீக்கிரம் அனுப்பு.

உன்னையே நம்பியிருக்கும்
அக்கா