ஒளித்து வைத்த ஐஸ் தட்டு

மைக் மகாராணிக்கு,

முதல் பஸ் என்னுடையது, கிளம்பிவிட்டேன். காபி பிளாஸ்க்கில். உன் விரலுக்குச் சிரமம் வேண்டாமென்று மூடியைத் தளர்த்தி வைத்திருக்கிறேன்.

ஐஸ் தண்ணீரால்தான் உன் குரல் கட்டியது என்று மூன்று மாதம் உன்னை வறுத்தெடுத்தேன். பஸ் நிலைய அறிவிப்பாளரின் தொண்டைக்கு டிரைவர் தீர்ப்பு சொன்னது தப்புதான். நேற்று நீ, "விரல் மாதிரியே தொண்டையும் காலையில இறுகிக்கிது சார், பத்து மணிக்கு ரெண்டும் ஒண்ணா விடுது" என்று சொன்னதும் தொண்டை டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால், குரல்வளையிலும் குட்டி மூட்டுகள் இருக்கின்றனவாம். உன் முடக்குவாதம் அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கிறதாம். "நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்களேம்மா" என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டிப்போ முழுக்கச் சொல்லப்போகிறேன்.

முழங்கால் ஆபரேஷனுக்காக மதியம் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும்போது தொண்டை டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டு. ஃபைலில் மேலேயே இருக்கிறது. தொண்டையில் குழாய் போடுகிறவருக்கு இது கட்டாயம் தெரிய வேண்டுமாம்.

பி.கு: நான் ஒளித்து வைத்த ஐஸ் தட்டு மறுபடி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. தண்ணீரும் ஊற்றிவிட்டேன்.

இன்னொன்று: சரியாகப் பத்து மணிக்குப் போன் பண்ணுகிறேன். அதற்குள் குரலின் இறுக்கம் விட்டிருக்கும். மூன்று மாதத்துக்கும் சேர்த்துத் திட்டு.